வரிசை நகர்ந்தது, பட்டியல்தான் தடுமாறியது: ஒரு வாக்குச்சாவடிக்கான மதிப்பீடு

பிரியாணிக் கடைக்குக்கூட நட்சத்திரம் போடும் நாம், நமது வரிப்பணத்தில் நடக்கும் வாக்குச்சாவடியை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று தோன்றியதால், 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வடசென்னைத் தொகுதியில் நானும் அம்மாவும் வாக்களித்த அனுபவத்தை எழுதுகிறேன்.

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நான்கு நாள் முன்னர்தான் தொடங்கியிருந்ததால், கரையிலேயே இருந்த காசிமேட்டு மீனவர்கள் பலர் காலை 7 மணிக்கே வரிசையில் நின்றார்கள். கூட்டம் இருந்தும் அரை மணி நேரத்தில் உள்ளே போய்விட்டேன். சிக்கல் அம்மாவுக்குத்தான் வந்தது. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. ஆனால் அவர் பெயர் மட்டும் வாக்காளர் பட்டியலின் வேறு பாகத்தில், இரண்டு தெரு தள்ளியுள்ள இன்னொரு பள்ளியில் இருந்தது. பூத் சிலிப் வீட்டுக்கு வராததால் இது முன்கூட்டியே தெரியவில்லை. உதவி மேசையில் இருந்தவரிடம் அந்தச் சாவடிக்கான பட்டியல் மட்டுமே இருந்தது. இருநூறு மீட்டருக்கு அப்பால் மேசை போட்டிருந்த கட்சிக்காரர்தான் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அரை நிமிடத்தில் தேடி எடுத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூட்டு வலிக்காரரான அம்மாவை வெயிலில் அலைய வைத்த இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

உள்ளே நடந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிக்க, வேட்பாளர்களின் முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் நகத்தையும் தோலையும் சேர்த்து மையிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். 35 வேட்பாளர்கள் என்பதாலும், ஓர் இயந்திரத்தில் நோட்டாவையும் (யாருக்கும் வாக்கில்லை) சேர்த்து 16 பொத்தான்களுக்கே இடம் என்பதாலும், மூன்று இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். தன் சின்னம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடவே நேரமாகிவிட்டதாக அம்மா பிறகு சொன்னார். பொத்தானை அழுத்தியதும் வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி நின்று விழுந்த சீட்டைப் பார்த்த பிறகே அவருக்கு நிம்மதி.

முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற எல்லாரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலே வெற்றி என்பதால், பாதிப் பேருக்கு மேல் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் ஒருவர் நாடாளுமன்றம் போய்விடலாம். நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளரே வென்றவர். இது எனக்கு உவப்பானதல்ல. ஏழு கட்டத் தேர்தலில் முதல் கட்டத்திலேயே வாக்களித்த நாங்கள், எங்கள் பெட்டிகள் ராணி மேரிக் கல்லூரியில் பூட்டிக் கிடக்க, முடிவுக்காக ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தோம்.

ஊழியர்களுக்கு ஐந்துக்கு நான்கரை, பட்டியலுக்கு இரண்டு. அம்மாவின் பெயரை எங்கள் பாகத்துக்கே மாற்றச் சொல்லிப் படிவம் 8 கொடுத்திருக்கிறேன்.