மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் சாம்பலா? குடியாத்தத்துச் சாய விளையாட்டு: ஒரு மதிப்பீடு

குடியாத்தம் கைலி நூலுக்குச் சாயம் கலப்பதையே கைப்பேசி விளையாட்டாக்கலாம் என்று நினைத்தது அருமையான யோசனை. எங்கள் வட்டாரத்து இளைஞர் ஒருவர், வேலை நேரம் போக எஞ்சிய இரவுகளில், கோடோ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தனியாளாக உருவாக்கியது அது. இப்போது பிளே ஸ்டோரில் தேடினால் அகப்படாது. புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படாத செயலிகள் புதிய கைப்பேசிகளில் தென்படாமல் போவது வழக்கம்தான். ஆனால், அதற்கு வெகு முன்பே ஆட்டக்காரர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள். நிறத்தைப் பற்றிய ஒரு விளையாட்டு, நிறத்தின் கணக்கிலேயே தவறியது.

விளையாட்டில், வேலூர் லாங்கு பஜார் வியாபாரி ஒருவர் துணித்துண்டு ஒன்றைக் காட்டுவார். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு ஆகிய குடுவைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டு, அந்த நிறம் வந்ததும் நூல் கழியை, அதாவது நூல் கற்றையை, முக்கி எடுக்க வேண்டும். விரலை அழுத்தும் நேரத்துக்கு ஏற்பச் சொட்டு பருப்பதும், அது நீரைத் தொட்ட இடத்திலிருந்து நிறம் இழை இழையாகச் சுருண்டு பரவி, துடுப்பால் கிண்டியதும் ஒரே சீராவதும் பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளிலும் எளிதில் காணக் கிடைக்காத நேர்த்தி. நிறம் சரியாக வருகிறதா என்பதைப் பொருட்படுத்தாமல், வெறுமனே சொட்டு விட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

சிக்கல் கிண்டி முடித்த பிறகு தொடங்கும். மஞ்சளையும் நீலத்தையும் சம அளவில் விட்டால் பச்சை வரும் என்பது பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் தெரியும். இங்கே சாம்பல் வந்தது. திரை ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவாக, 0 முதல் 255 வரையிலான எண்களில் குறிக்கிறது. அதில் மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. நீலம் என்பது 0, 0, 255. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் மூன்றிலும் ஏறத்தாழ 128 நிற்கும், அது நடுத்தரச் சாம்பல். ஒளிக்கு உரிய எண்களைச் சாயத்துக்குப் போட்டதால் வந்த வினை இது. சாயம் ஒளியைக் கூட்டுவதில்லை, விழுங்குகிறது. மஞ்சள் சாயம் நீல ஒளியையும், நீலச் சாயம் சிவப்பு ஒளியையும் பெரும்பாலும் விழுங்கிவிட, இரண்டும் விட்டுவைத்த பச்சை மட்டுமே நம் கண்ணுக்கு வருகிறது. குறை கேட்டு அந்த இளைஞர் வெளியிட்ட அடுத்த பதிப்பில் சராசரிக்குப் பதில் பெருக்கல் வந்தது. அதே எண்களைப் பெருக்கினால் மூன்றும் பூஜ்யம். ஆகவே சாம்பல் போய்க் கருப்பு வந்தது! நீலக் குடுவையை எடுத்துவிட்டுச் சயான் (அச்சில் பயன்படும் பச்சை கலந்த நீலம்) குடுவையை வைத்திருந்தால் அந்தப் பெருக்கலே பச்சையைத் தந்திருக்கும். வேலூரில் எந்த ஆப்செட் அச்சகத்தில் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், நிறமி ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்கிடக் குபெல்காவும் முங்க்கும் 1931-இல் வகுத்த சமன்பாடு இருக்கிறது. பெயின்ட், சாயத் தொழில்களில் ஷேடு பொருத்தும் கணினிகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது அதைத்தான்.

மதிப்பெண் இடும் முறை என்னை அதைவிட எரிச்சலூட்டியது. இரண்டு நிறங்களின் எண்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அதைக் கொண்டே தேர்ச்சியைத் தீர்மானித்தது விளையாட்டு. பளீரென்ற பச்சையில் சிவப்பின் எண்ணை 0-இலிருந்து 40-க்கு ஏற்றினால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. நடுத்தரச் சாம்பலில் அதே 40-ஐ ஏற்றினால் இளஞ்சிவப்பு ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். விளையாட்டுக்கோ இரண்டும் ஒரே அளவுப் பிழை. கண்ணுக்கு ஒத்துப்போன பச்சைக் கழியை வியாபாரி திருப்பி அனுப்புவார், தெளிவாக வேறுபட்ட சாம்பலை அதே மதிப்பெண்ணோடு எடை போடுவார். எங்கே தவறினோம் என்றே தெரியாத ஆட்டத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? இரவில் தானாக இயங்கும் மஞ்சள் வடிகட்டித் திரை இருந்தால் கேட்கவே வேண்டாம். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு எந்த மாற்று ஏற்பாடும் இல்லை.

ஆம்பூர் தோல், வீட்டுச் சுவர் ஆகிய அடுத்த பகுதிகளில் படங்கள் மட்டுமே மாறின.

இத்தனைக்கும் சாயப்பட்டறையில் விளையாட்டுக்கு உரிய விறுவிறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஈர நூல் எப்போதும் கருத்துத்தான் தெரியும். அனுபவசாலி சாயக்காரர் தொட்டியைப் பார்த்து முடிவு செய்யமாட்டார், சிறு இழையைப் பிழிந்து உலர்த்தி, மாதிரியின் அருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே அடுத்த சொட்டைப் பற்றி யோசிப்பார். அவுரித் தொட்டியில் மஞ்சளும் பச்சையுமாக வெளிவரும் நூல், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். உலர்ந்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக் கலக்கும் சவாலை விளையாட்டில் வைத்திருந்தால், கணக்கின் குறைகளைக்கூட ஆட்டக்காரர்கள் பொறுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. தறி ஓசையையும் பாவு விரிக்கும் தெருவையும் அவ்வளவு அக்கறையாக வரைந்தவர், தொட்டிக்குப் பக்கத்திலேயே நடப்பதை விட்டுவிட்டார்.

பழைய கைப்பேசியில் இதை இன்னும் வைத்திருப்பவர்கள், திரையின் இரவு வடிகட்டியை அணைத்துவிட்டு, மதிப்பெண் இல்லாத பயிற்சிப் பகுதியை மட்டும் திறந்து பார்க்கலாம். குழந்தைகளிடம் கொடுப்பதானால் முதல் பதிப்பே தேவலை, அதில் சாம்பலாவது வரும்.