எஸ்கே-டூ எசென்ஸ்: இருபது பாட்டில்களுக்குப் பிறகு

போன வாரம் என்னுடைய இருபதாவது எஸ்கே-டூ எசென்ஸ் பாட்டில் தீர்ந்தது. எஸ்கே-டூ (SK-II) ஜப்பானில் தொடங்கிய முக அழகுப்பொருள் பிராண்டு. 230 மி.லி. பாட்டில் எனக்கு ஏறக்குறைய நாலரை மாதம் வரும். 2017-இல் முதல் பாட்டிலை வாங்கியதிலிருந்து என்னிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அவ்வளவு காசு கொடுத்து அதை வாங்கணுமா?" அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பெண்களும் கேட்கிறார்கள், ஊரிலிருந்து சித்தி மகளும் கேட்கிறாள். என் பதில் இதுதான். எசென்ஸை வாங்கலாம். அதே பிராண்டின் சீரம், க்ரீம், மாஸ்க் போன்ற மற்றவற்றை உங்கள் தோலையும் நீங்கள் இருக்கும் ஊரின் வெயிலையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எசென்ஸ் என்றால் க்ரீமும் இல்லை, சீரமும் இல்லை. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். முகம் கழுவியவுடன், வேறு எதுவும் பூசுவதற்கு முன் போடுவது. பாட்டிலைத் திறந்ததும் வரும் வாசம் பலருக்குப் பிடிப்பதில்லை. வாசனைத் திரவியம் எதுவும் சேர்க்காததால் புளித்த வாசம் அப்படியே இருக்கும். மன்னார்குடியிலிருந்து அம்மா முதல்முறை சிங்கப்பூர் வந்திருந்தபோது, ராத்திரி நான் முகத்தில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்தார். "என்னடி இது, பழைய சோத்துத் தண்ணி வாசம் அடிக்குது?" என்றார். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மண்பானையில் விடிய விடிய ஊறிய நீராகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வரும் அந்த இளம் புளிப்புதான் இதுவும்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் அரிசியைப் புளிக்கவைத்து சாகே மது காய்ச்சும் ஆலைகளில், முகமெல்லாம் சுருக்கம் விழுந்த முதியவர்களின் கைகள் மட்டும் இளமையாக, வழவழப்பாக இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்களாம். அங்கிருந்து தொடங்கி 350-க்கும் மேற்பட்ட ஈஸ்ட் வகைகளைச் சோதித்துக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக நிறுவனம் சொல்கிறது. அதைப் புளிக்கவைத்து, ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிட்டால் மிஞ்சும் தெளிவான நீருக்கு அவர்கள் வைத்த பெயர் பிட்டெரா. பொருட்பட்டியலில் கேலக்டோமைசிஸ் என்று தொடங்கும் நீளமான பெயர் அதுதான். எசென்ஸில் 90 சதவீதத்துக்கு மேல் இதுவே. 1980-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அப்போது அது மேக்ஸ் ஃபேக்டர் என்ற அழகுப்பொருள் நிறுவனத்திடம் இருந்தது. 1991-இல் அந்த நிறுவனத்தை அமெரிக்காவின் பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) வாங்கியபோது எஸ்கே-டூவும் அவர்கள் கைக்குப் போனது. என்னிடம் இருக்கும் பாட்டிலின் பட்டியலில் மொத்தமே ஏழு பெயர்கள்தான். முப்பது நாற்பது பொருள்களை அடுக்கும் க்ரீம்களைப் படித்துப் பழகிய எனக்கு அந்தச் சிறிய பட்டியலே முதலில் நம்பிக்கை கொடுத்தது.

சரி, என் தோலுக்கு என்ன செய்தது?

நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் வறண்டுபோகும், இதுதான் என் தோல். வெளியே வேர்வை, அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் ஏசி. முகம் கழுவினால் கன்னத்துத் தோல் இழுத்துப் பிடிக்கும். பருக்கள் வந்துபோன இடத்தில் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும். முதல் பாட்டிலைத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை எட்டு மணிக்குச் சமையலறை ஜன்னல் பக்கத்தில் நின்று, விளக்கைப் போடாமல் ஒரு படம் எடுத்து வைத்தேன். கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது. அதனால் இதை எல்லாருக்கும் சொல்வேன்.

முதல் மாதப் படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாவது மாதம் முடியும்போது முகம் கழுவியபின் வரும் அந்த இழுப்பு நின்றிருந்தது. மூன்றாவது மாதப் படத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழும் இடத்தில் முன்பு சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் தெரியும். அந்த இடம் சீராகியிருந்தது. புதிய பருக்களும் குறைந்தன, வந்த தடமும் சீக்கிரம் மங்கியது. நிறம் மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. இதைத் தடவினால் சிவப்பாகிவிடுவோம் என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இது தோலைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். நம் மாநிறத்துக்கு அந்தத் தெளிவு எவ்வளவு அழகு கொடுக்கும் என்பதை அந்தப் படங்களில் நான் பார்த்தேன்.

போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சில் நனைத்துத் துடைக்கலாம் என்பார்கள். நான் பஞ்சைத் தொடுவதில்லை, பாதி அதிலேயே போய்விடுகிறது. முகத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையில் நாலைந்து சொட்டு விட்டு, இரண்டு கைகளையும் ஒற்றி, கன்னம், நெற்றி, கழுத்து என்று மெதுவாக அழுத்துவேன். தேய்க்கக் கூடாது. அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

2019-இல் நான் உண்டாகியிருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கண்ணுக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி பழுப்புத் திட்டு. குழந்தை பிறந்தும் அது போகவில்லை. அப்போதுதான் இதே நிறுவனத்தின் ஜெனாப்டிக்ஸ் ஆரா எசென்ஸ் வாங்கினேன். பெயர் எசென்ஸ் என்றாலும் இது கெட்டியான சீரம். இதில் வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடு இருக்கிறது. தோலில் நிறமியை உண்டாக்கும் செல்கள் அதை மேல்தோல் செல்களுக்குக் கைமாற்றிவிடும், நியாசினமைடு அந்தக் கைமாற்றத்தைத் தடுக்கும். எட்டு மாதத்தில் திட்டு பாதிக்கு மேல் மங்கியது. ஆனால் அதே எட்டு மாதமும் நான் ஒரு நாள்கூட விடாமல் சன்ஸ்க்ரீன் போட்டேன். அதுவும் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் வகை. மங்கு புற ஊதாக் கதிருக்கு மட்டுமில்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் கறுக்கும் என்று தோல் மருத்துவர் விளக்கியிருந்தார். மங்கு மங்கியதில் பெரிய பங்கு சன்ஸ்க்ரீனுக்குத்தான் என்று நான் நம்புகிறேன். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சீரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நல்ல சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். நியாசினமைடு கலந்த சீரம் குறைந்த விலையிலும் நிறையக் கிடைக்கிறது.

க்ரீம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்கே-டூவின் ஸ்கின்பவர் க்ரீமை ஒரு பிப்ரவரியில் கியோட்டோவுக்குப் போனபோது எடுத்துப் போயிருந்தேன். உதடு வெடிக்கும் அந்தக் குளிரிலும் கன்னம் பட்டு மாதிரி இருந்தது. சிங்கப்பூர், சென்னை வேர்வைக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. அதே வரிசையில் 'ஏரி' (Airy) என்ற இலேசான வகை இருக்கிறது, அது நம் ஊர்களுக்குப் பொருத்தம்.

அப்புறம் மாஸ்க். முகத்தில் ஒட்டும் பருத்தித் துணி, எசென்ஸில் ஊறியிருக்கும். இதை நான் வாராவாரம் போடுவதில்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் மறுநாள் காலை முகம் தூங்கி எழுந்த மாதிரியே இருக்காது. உறையின் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்கு மிச்சம் இருக்கும். அதைக் கழுத்துக்கும் முழங்கைக்கும் பூசிவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள். நாலு வருடத்துக்கு முன் ஓர் இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். திறந்ததும் பூ வாசம் வந்தது. பழைய பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் எழுத்து கொஞ்சம் தடித்திருந்தது, நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. அதற்குள் இரண்டு ராத்திரி போட்டிருந்தேன். தாடை முழுக்கச் சிவந்து பொரிந்துவிட்டது, ஆற மூன்று வாரம் ஆனது. முகத்தில் போடும் பொருளுக்குப் பாதி விலைத் தள்ளுபடி வந்தால் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் சொந்த கவுண்டரிலோ விமான நிலையக் கடையிலோ வாங்குங்கள். பழைய சோற்று வாசம் வரவில்லை என்றால் முகத்தில் வைக்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் 75 மி.லி.யில் தொடங்கினால் போதும். காதுக்குக் கீழே ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகு முகத்துக்கு வாருங்கள். நெற்றியில் பொடிப்பொடியாக அரிக்கும் பூஞ்சை வகைப் பருக்கள் உள்ளவர்கள் முதலில் தோல் மருத்துவரைக் கேளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வாங்க முடியாத நிலையில் கடன் அட்டையைத் தேய்த்து வாங்க வேண்டாம். ஒரு மாதத்தோடு விட்டால் கொடுத்த காசு வீண்.

போன டிசம்பரில் அம்மா ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் ஒரு 75 மி.லி. பாட்டில் வைத்து அனுப்பினேன். சாகே காய்ச்சுகிறவர்களின் கை கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். பொங்கலன்று வீடியோவில் பேசியபோது முகத்துக்குப் போடுகிறாரா என்று கேட்டேன். "முகத்துக்கு எதுக்குடி இந்த வயசுல" என்று சொல்லிவிட்டு, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் கைக்குத்தான் பூசிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேராக நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினார்.