ஆர்ட்கீஸா, வால்தர் பிபியா?

ரெண்டு உலகப்போருக்கு நடுவுல வந்த ஜெர்மன் பிஸ்டல்கள சேர்க்க நினைச்சு, முதல்ல எதை வாங்கறதுன்னு குழம்பறவங்களுக்கு.

விலை: ஆர்ட்கீஸ் கம்மி, பிபி நல்லாவே ஜாஸ்தி.

வரலாறு: ஆர்ட்கீஸ் 1919ல எர்ஃபுர்ட்ல ஆரம்பிச்சது, அப்புறம் டாய்ச்ச வெர்கே கம்பெனி எடுத்துக்கிச்சு, அதனால பிடியில இருக்கற முத்திரைய வெச்சே முன்ன செஞ்சதா பின்ன செஞ்சதான்னு சொல்லிடலாம், எனக்கு ரொம்ப பிடிச்சதே இதான். பிபி 1929, டபுள் ஆக்‌ஷன்ல பெரிய திருப்பம், அதாவது விசைய ஒரே இழுப்பு இழுத்தாலே சுத்தியல் பின்னால போய் சுட்டுடும்.

பார்ட்ஸ்: பிபி போருக்கப்புறமும் தயாராச்சு, கிடைக்கும். ஆர்ட்கீஸுக்கு தேடணும், மரப்பிடிய ஸ்க்ரூ தேடி நெம்பாதீங்க, உள்ள ஸ்ப்ரிங் பிடிப்புதான், பொளந்துடும்.

எதுவானாலும் புதுசா பாலிஷ் போட்டத தொடாதீங்க, பழைய நிறம் போனா மதிப்பும் போச்சு.

லைசன்ஸ் சட்டத்த முதல்ல பாருங்க. புதுசா சேர்க்கறவங்களுக்கு ஆர்ட்கீஸ், ஒண்ணே ஒண்ணு போதும்னா பிபி.