22.4-ஆ, 22.7-ஆ, பிவி = என்ஆர்டி-யா? மோலிலிருந்து வாயுவின் கன அளவுக்கு எந்த வழி

மோலை 22.4-ஆல் பெருக்கு, லிட்டர் வந்துவிடும். பத்தாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துவிடும் இந்த எண், சென்னை ஆய்வக மேசையில் அப்படியே பொருந்தாது. அது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்ற நிலைக்கு உரியது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. 30 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர் இடம் பிடிக்கும்.

மெக்னீசியம் நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஹைட்ரஜனை நீருக்கு மேல் சேகரிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். நாடா 0.0486 கிராம், அதாவது 0.002 மோல். ஒரு மோல் மெக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். 22.4 வழியில் 44.8 மி.லி. வர வேண்டும். 30 டிகிரி, 760 மி.மீ. பாதரச அழுத்தம் என்று பிவி = என்ஆர்டி என்ற வாயுச் சமன்பாட்டில் (அழுத்தம் × கன அளவு = மோல் × வாயு மாறிலி ஆர் × கெல்வின் வெப்பநிலை) போட்டால் 49.8 மி.லி. ஆனால் குழாய்க்குள் ஹைட்ரஜன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. 30 டிகிரியில் நீராவி அழுத்தம் 31.8 மி.மீ. அதைக் கழித்து 728.2-ஐப் போட்டால் 51.9 மி.லி. சோதனை சுத்தமாக நடந்தால் குழாய் காட்டுவதும் இதைத்தான்.

இதே 51.9-ஐ வைத்து மெக்னீசியத்தின் மோலார் நிறையை (ஒரு மோல் எத்தனை கிராம் என்பதை) திருப்பிக் கணக்கிட்டால், 22.4 வழி 21.0 தரும். நீராவியைக் கழிக்காத சமன்பாடு 23.3 தரும். கழித்தால்தான் 24.3. எனவே ஆய்வகத்தில் சமன்பாடுதான் வழி. நீராவியைக் கழிக்காமல் விட்டால் அதுவும் அரைகுறைதான்.

அளவிடும்போது கவனிக்க வேண்டியவை சில. நாடாவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எடை போடுங்கள். மேலே படிந்த ஆக்சைடு ஹைட்ரஜன் தராது, அதனால் வாயு குறையும். வினையில் சூடு பிறக்கும், ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக வரும்வரை குழாயை ஏற்றி இறக்குங்கள். உள்மட்டம் 10 செ.மீ. உயர்ந்து நின்றால் வாயுவின் அழுத்தம் 7 மி.மீ.க்கு மேல் குறைவு, கன அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதப் பிழை.

சமன்பாட்டில் பெரும்பாலும் சறுக்குவது அலகில். ஆர் மதிப்பு 0.0821 என்றால் அழுத்தம் வளிமண்டலத்தில், கன அளவு லிட்டரில். 8.314 என்றால் கிலோபாஸ்கலும் லிட்டரும். 8.314-ஐ வளிமண்டலத்தோடு சேர்த்தால் விடை நூறு மடங்கு வீங்கும். வெப்பநிலையைக் கெல்வினில் 303 என்று போடாமல் செல்சியஸில் 30 என்று போட்டால் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் அழுத்தத்தை 1 வளிமண்டலம் என்று வைத்தாலும் பெரிய கேடில்லை. ஊட்டியில் அப்படி வைக்கவே முடியாது. அங்கே அழுத்தம் முக்கால் வளிமண்டலத்தை ஒட்டியே இருக்கும்.

22.7 எங்கிருந்து வந்தது? 1982-இல் வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுபேக் திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பாருக்கு மாற்றியது. பார் சற்றே குறைந்த அழுத்தம், அதனால் கன அளவு 1.3 சதவீதம் கூடுகிறது. ஆய்வகத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. நீட் போன்ற தேர்வில் அரை மோலுக்கு 11.2, 11.35 இரண்டும் விடைப்பட்டியலில் இருந்தால் மதிப்பெண்ணே போகும். கேள்வியில் வளிமண்டலமா பாரா என்று முதலில் பாருங்கள். வெறும் எஸ்.டி.பி. (திட்ட வெப்பநிலை, அழுத்தம்) என்று மட்டும் இருந்தால் பாடநூலைப் பின்பற்றுங்கள்: மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புக்கு 22.4, என்சிஇஆர்டி பதினோராம் வகுப்புக்கு 22.7.

வினையில் இரண்டு பக்கமும் வாயு, வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றே என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். 10 லிட்டர் புரொப்பேன் முழுதாக எரிய 50 லிட்டர் ஆக்சிஜன், வெளிவருவது 30 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. மோல் விகிதமே கன அளவு விகிதம், அவகாட்ரோ விதி அவ்வளவுதான். நீரை மட்டும் இந்தக் கணக்கில் 40 லிட்டர் என்று எழுதிவிடாதீர்கள். அறை வெப்பநிலைக்கு ஆறியதும் அதில் பெரும்பகுதி திரவமாகிவிடும். ஒரு மோல் திரவ நீர் வெறும் 18 மி.லி.