குடந்தையில் ஒரு ஞாயிறு வகுப்பு: கடவுள் குயவனா, மண்ணா?

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில், ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் கடவுட்கொள்கைகள் குறித்த மூன்று மாத வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. குறிப்பேடும் இடைவேளைக் காபியும் சேர்த்துக் கட்டணம் 600 ரூபாய். தெருவுக்கு ஒரு கோயில் இருக்கும் ஊரில் கடவுளைப் பற்றி வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பதிகம் ஓதுவதில்லை, கதாகாலட்சேபமும் இல்லை; கடவுள் உண்டென்றால் அவர் எத்தகையவர், உலகத்தோடும் உயிரோடும் அவருக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரபும் சொன்ன விடையை எடுத்து, அடுத்த மரபு அதை எவ்வாறு மறுத்தது என்று காட்டுவதே இவ்வகுப்பின் வேலை. அந்த வேலை பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது.

வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது, பானையும் குயவனும் என்ற ஒரே உவமையைக் கொண்டு எல்லாக் கொள்கைகளையும் நிறுத்துப் பார்த்த மாலைதான். ஆசிரியர் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். கரும்பலகையில் ஒரு பானையை வரைந்துவிட்டு, இதற்குக் காரணம் யார் என்று கேட்டுத் தொடங்கினார். செய்பவன் இன்றிச் செயல் இல்லை, ஆகவே உலகுக்கும் ஒரு குயவன் வேண்டும் என்பது தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபின் வாதம். சைவ சித்தாந்தம் அதை ஏற்று மேலும் விரிக்கிறது: மாயை என்ற மூலப்பொருள் மண்ணாகிய முதற்காரணம், இறைவனின் ஆற்றலாகிய சத்தி தண்டும் சக்கரமும் ஆகிய துணைக்காரணம், சிவன் குயவனாகிய நிமித்த காரணம். இறைவனாகிய பதியைப் போலவே உயிராகிய பசுவும் அதைக் கட்டும் பாசமும் தொடக்கம் இல்லாதவை. எதுவும் இன்மையிலிருந்து படைக்கப்படவில்லை.

அப்போது முன் வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, "மண் வெளியே இருந்து வரணும்னா, கடவுள் அந்த மண்ணை நம்பி இருக்கிறவர் ஆயிட மாட்டாரா ஐயா?" என்று கேட்டாள். ஆசிரியர் வாய் திறப்பதற்குள், பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், "களிமண்ணா இருந்தாத்தானே பானை வரும், ஆத்து மணல்ல வராதே" என்றார். வேதாந்திகள் சித்தாந்தத்தைப் பார்த்துக் கேட்பதும் இதைத்தான் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட ஆசிரியர், மாயை அறிவற்ற சடம், இறைவன் செலுத்தாமல் தானாக ஒன்றும் செய்யாது, ஆகவே அது அவனுக்கு உடைமையே தவிர வரம்பு ஆகாது என்ற சித்தாந்த விடையையும் சொன்னார். மாணவிக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் முழுமையாகப் போதவில்லை.

அதே மண்ணையும் பானையையும் சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குக் காட்டும் இடத்துக்கு வகுப்பு அடுத்து நகர்ந்தது. அங்கே குயவனைப் பற்றிப் பேச்சே இல்லை. மண் ஒன்றே மெய், பானை என்பது பெயரளவே என்று படிக்கிறது சங்கரரின் அத்வைதம். உயிர்களும் சடப்பொருளும் இறைவனுக்கு உடல், அந்த உடல்தான் விரிந்து உலகாகிறது, அதனால் உலகம் மெய் என்று படிக்கிறது இராமானுசரின் மரபு. மத்வரோ இறைவனை நிமித்த காரணமாக மட்டுமே ஏற்று, இறைவனுக்கும் உயிருக்கும் சடத்துக்கும் இடையே ஐந்து வகை வேறுபாடுகள் என்றும் உண்டு என்கிறார். மத்வர் மரபில் வந்த துறவி விசயீந்திர தீர்த்தரின் சமாதியாகிய பிருந்தாவனம் குடந்தையிலேயே இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அவர் அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரோடு எதற்காக அவ்வளவு வாதிட்டார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

குறைகளும் உண்டு. அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் என்ற பகுதியில், கடவுளை மறுக்கும் உலகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொரு எதிர்த்தரப்பின் கொள்கையையும் முதலில் எடுத்துக் கூறிவிட்டே மறுக்கிறார். இவ்வகுப்போ மறுப்பை மட்டும் சொல்லி, இவர்களையெல்லாம் அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டது. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியாகிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊர் கொடையாக விடப்பட்ட நாடு இது. இன்றைக்கும் கருஞ்சட்டைத் தோழர்கள் தெருமுனையில் கூட்டம் போடும் நாடு. கடவுள் மறுப்பைக் காது கொடுத்துக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? மேலைத் தத்துவத்துக்கும் ஒரே மாலைதான். கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற ஸ்பினோசாவை அத்வைதத்தோடு ஒப்பிட்ட பகுதி சுவையானது. கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை நிறுவ முயன்ற ஆன்செல்மும், இருப்பு என்பது ஒரு பண்பு ஆகாது என்று அவ்வகை வாதத்தை மறுத்த காண்டும் மூச்சுவிட நேரமின்றிக் கடந்துபோனார்கள். நாகூர் தர்கா அரை மணிப் பயணத்தில் இல்லையென்றாலும் பக்கத்தில்தான் இருக்கிறது. சூஃபி ஞானி இப்னு அரபியின், இருப்பது இறைவன் ஒன்றே என்ற ஒருமைக் கொள்கைக்கு ஓர் இடம் கொடுத்திருக்கலாம். குறிப்பேட்டில், காரியம் காரணத்திலேயே முன்பே இருக்கிறது என்னும் சற்காரியவாதம் ஓரிடத்தில் 'சர்க்கார் வாதம்' என்று அச்சாகியிருப்பதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

எனக்கு உண்மையில் மனத்தாங்கல் கடைசி வகுப்பின் மேல்தான். இத்தனை வாரமும் வேறுபாடுகளைக் கூராக்கிக் காட்டிய ஆசிரியர், எல்லா ஆறும் கடலுக்கே போகின்றன என்று முடித்துவிட்டார். டெல்டாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது; காவிரியிலிருந்து பிரியும் கிளைகளிலும் வாய்க்கால்களிலும் எத்தனையோ கடலைப் பார்க்காமல் வயலிலேயே முடிந்துவிடுகின்றன. முத்தியிலும் இறை, உயிர், பாசம் என்ற மூன்றும் உண்டு என்பது சித்தாந்தம். அத்வைதிக்கு அது முத்தியே ஆகாது. முத்தியடைந்த உயிர்களின் இன்பத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பார் மத்வர்; அதை இராமானுசர் மரபு ஒப்பாது. இவற்றையெல்லாம் ஒன்றே என்று சொல்வது மரியாதை போலத் தோன்றினாலும், அந்த நூல்களை எழுதியவர்கள் ஒருவர் கூட அதை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், திருமுறையோ திவ்வியப் பிரபந்தமோ ஓரளவு பழக்கமுள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம் என்றே சொல்வேன். மன அமைதி தேடி வருபவர்களுக்கு இது ஏற்ற இடம் அன்று. இருந்த தெளிவும் கலங்கி வீடு திரும்புவீர்கள். மாடிப்படி செங்குத்தானது, மின்தூக்கி இல்லை, ஆறு மணிக்கு மேல் கொசுத் தொல்லை உண்டு, காபி நன்றாக இருக்கிறது. அடுத்த வகுப்பு தை மாதத்தில் தொடங்கும் என்கிறார்கள். சேருபவர்கள் முதல் நாளிலேயே பரபக்கத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.