வெள்ளியா, செம்பா? ஆலைக்குள் நடக்கும் போட்டி

வெள்ளி என்றதும் பேச்சு நகைக்கும் முதலீட்டுக்கும் போய்விடுகிறது. ஆனால் உலகம் ஆண்டுதோறும் வாங்கும் வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. 2024ல் அது ஏறத்தாழ 68 கோடி அவுன்ஸ், அதில் சோலார் பேனல்கள் மட்டும் 20 கோடியை நெருங்கின. விலை ஏறும்போதெல்லாம் "இனி எல்லாரும் செம்புக்கு மாறிவிடுவார்கள், வெள்ளி கதை முடிந்தது" என்று ஒரு கூட்டம் கிளம்பும், "வெள்ளிக்கு மாற்றே கிடையாது" என்று இன்னொரு கூட்டம் அடித்துச் சொல்லும். இரண்டுமே அரைகுறை. எந்த வேலைக்கு என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை.

முதலில் மின்கடத்தல். உலோகங்களிலேயே மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளி, சரி. ஆனால் செம்பு அதற்குச் சுமார் 6 சதவீதம்தான் பின்னால் நிற்கிறது. கம்பியின் குறுக்குப் பரப்பை அந்த அளவுக்குக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதிலும் செம்பின் அடர்த்தி 8.96, வெள்ளிக்கு 10.49 என்பதால், அப்படித் தடித்த செம்புக் கம்பிகூட அதே வேலையைச் செய்யும் வெள்ளிக் கம்பியைவிட எடை குறைவு! கம்பி, மோட்டார் சுருள், மின்மாற்றி எல்லாம் செம்பு கையில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. தலைகீழாக நடந்தது ஒருமுறை: இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது, அணுகுண்டுத் திட்டத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் யுரேனியத்தைப் பிரிக்கும் காந்தங்களுக்காக அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடனாக வாங்கிச் சுருள் சுற்றினார்கள். கடைசிப் பகுதி 1970ல்தான் திரும்பிப் போனது.

அப்புறம் ஏன் இன்னும் வெள்ளி? என் பார்வையில் அதன் உண்மையான பலம் அந்த 6 சதவீதத்தில் இல்லை, காற்றிலும் சூட்டிலும் அது நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சான ஒரு ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கான்டாக்ட், அதாவது தொட்டு மின்சாரத்தை விடும் முனை, ஒவ்வொரு முறை பிரியும்போதும் இடையில் ஒரு சின்னத் தீப்பொறி பறக்கும். அங்கே செம்பு இருந்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைத் தடுக்கும், தடுத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்னும் ஆக்சைடு. வெள்ளியின் ஆக்சைடோ 300 டிகிரிக்குள்ளேயே சிதைந்து மறுபடி வெள்ளியாகிவிடும். கந்தகம் பட்டால் கறுக்கும்தான், ஆனால் அந்தப் படலம் மென்மையானது, கான்டாக்ட் உரசும்போதே தேய்ந்துவிடும். சுத்த வெள்ளி சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் முன்பு காட்மியம் ஆக்சைடு கலந்தார்கள், அதன் நச்சுத்தன்மை காரணமாக இப்போது பெரும்பாலும் டின் ஆக்சைடு. கவனித்தால் இங்கே இரண்டும் கூட்டாளிகள்: உடல் செம்பு அல்லது செம்புக் கலவை, நுனியில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளி. அந்தப் பொட்டை மிச்சம் பிடிக்கப் போய் ரிலேயையே பாழாக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

சோலார் நிலைமை வேறு. பேனலில் உள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் தெரியும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பேஸ்ட் கொண்டு திரை அச்சில் போட்டவை. வெள்ளித் தூளோடு கண்ணாடித் தூளும் கலந்த அந்தப் பேஸ்ட்டைத் திறந்த காற்றில் 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில விநாடிகள் சுடும்போது, கண்ணாடி உருகி மேலே இருக்கும் சிலிக்கான் நைட்ரைடு படலத்தை அரித்து வழிவிட, வெள்ளி கீழே சிலிக்கானைத் தொட்டுவிடுகிறது. அச்சிடு, சுடு, முடிந்தது. செம்பை அந்தச் சூட்டில் காற்றில் வைத்தால் ஆக்சைடாகிவிடும். போதாக்குறைக்கு அது சிலிக்கானுக்குள் ஊடுருவிப் போய் செல்லின் திறனையே குறைக்கும். தடுப்பாக நிக்கல் அடுக்கு, பிறகு மின்முலாம், அதற்குத் தொட்டிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

ஆனாலும் வெள்ளி தோற்க வாய்ப்பு அதிகமுள்ள களம் இதுதான் என்பேன். பேனல் விலை சரிந்துகொண்டே போக வெள்ளியின் பங்கு துருத்திக்கொண்டு நிற்கிறது. டாப்கான் என்ற புதுவகை செல்லுக்கோ இரண்டு பக்கமும் வெள்ளி வேண்டும். சுமார் 200 டிகிரிக்கு மேல் தாங்காத ஹெட்டரோஜங்ஷன் என்ற இன்னொரு வகை செல்களில் குறைந்த சூட்டுப் பேஸ்ட்தான் வேலை செய்யும் என்பதால், வெள்ளி பூசிய செம்புத் தூள் அங்கே ஏற்கெனவே நுழைந்துவிட்டது. இன்னொரு எரிச்சல் சுரங்கத்தில்: வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் தோண்டும்போது துணையாகக் கிடைப்பது. வெள்ளி விலை இரண்டு மடங்கானாலும் துத்தநாகச் சுரங்கக்காரர் அதற்காக அவசரப்படமாட்டார்.

பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் மின்வாகன இன்வெர்ட்டர்களில் சிப்பை ஒட்ட வெள்ளித் தூளைச் சுமார் 250 டிகிரியில் அழுத்திப் பிணைக்கிறார்கள். பிணைந்தபின் அது 961 டிகிரி வரை உருகாது. செம்புத் தூளிலும் இதைச் செய்யலாம், மலிவும்கூட, ஆனால் ஆக்சிஜன் அண்டாத சூழல் வேண்டும். மறுபடியும் அதே காற்றுப் பிரச்சினை.

வெள்ளி தோற்ற இடங்களும் உண்டு. செராமிக் மின்தேக்கிகளில் வெள்ளி-பல்லேடியம் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் நிக்கல். வெள்ளியை நம்பியிருந்த புகைப்படச் சுருளை இன்னொரு உலோகம் வீழ்த்தவில்லை, டிஜிட்டல் கேமரா வந்து அந்தத் தேவையையே பெருமளவு விழுங்கிவிட்டது. கிருமிகளைக் கொல்லும் பரப்புகளில் விளம்பரம் எல்லாம் வெள்ளிக்கு, ஆனால் வெள்ளி அயனிகள் வெளிவர ஈரம் தேவை. உலர்ந்த கதவுக் கைப்பிடிக்கு நான் செம்பைத்தான் எடுப்பேன். தீக்காயத்துக்கான களிம்பு என்றால் வெள்ளி சல்ஃபாடையசின் இன்றும் புழக்கத்தில் உண்டு.

பொத்தான் பேட்டரியில் செம்புக்கு வேலையில்லை, போட்டி அல்கலைனோடு. எஸ்ஆர்44, எல்ஆர்44 இரண்டும் ஒரே அளவு. வெள்ளி ஆக்சைடு உள்ள எஸ்ஆர் கடைசி வரை 1.55 வோல்ட்டை ஒட்டியே நின்று திடீரென்று விழும், அல்கலைனான எல்ஆர் 1.5ல் தொடங்கிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். பொம்மைக்கு எல்ஆர் போதும், அளவுக்கருவிக்கு எஸ்ஆர் வாங்குங்கள்.

எத்திலீன் ஆக்சைடு தயாரிப்பில் மட்டும் ஒப்பிட எதிராளியே இல்லை. எத்திலீனை ஆக்சிஜனோடு நேரடியாகச் சேர்த்து, பாலியஸ்டருக்கும் ரேடியேட்டர் திரவத்துக்கும் மூலமான அந்தப் பொருளைச் செய்ய ஆலைகள் நம்பியிருப்பது அலுமினா மேல் பரப்பிய வெள்ளி வினையூக்கியைத்தான். அது தேய்ந்ததும் வெளியே எடுத்து, வெள்ளியைப் பிரித்து, அடுத்த வினையூக்கிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் ஆலை எவ்வளவு பெரிதானாலும், புதிதாக வாங்கும் வெள்ளி அந்த அளவுக்குக் கூடுவதில்லை.