ஆறு பேர், ஒரு ட்ரெய்லர், கதவோரத்து ஸ்டிக்கர்: எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் அனுபவம்

ட்ராவல் ட்ரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு, இழுக்க என்ன வண்டி வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்களா என்றுதான். வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள், எங்கே போனாலும் கூட வருவார்கள், அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் மட்டும் கேம்பிங் போக மனசு வராது. அப்படியானால் உங்கள் கணக்கு நான்கு பேருக்கு இல்லை, ஆறு பேருக்கு. எஞ்சின், குதிரைத்திறன் எல்லாம் அப்புறம் பேசலாம். அந்த ஆறு பேர் கணக்கில்தான் நாங்கள் ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் என்கிற பெரிய எஸ்யூவிக்கு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் பக்கம். இங்கே நம் ஆட்களிடம் பெரும்பாலும் ஹோண்டா ஒடிசி அல்லது டொயோட்டா சியன்னா மினிவேன் இருக்கும், எங்களிடமும் ஒடிசிதான் இருந்தது. அதன் இழுவைத் திறன் 3,500 பவுண்டு, சியன்னாவுக்கும் அதேதான். மடக்கி விரிக்கிற சின்ன பாப்-அப் கேம்பருக்கு அது போதும். ஆனால் கழிப்பறை, குழந்தைகளுக்குப் பங்க் படுக்கை, பெரியவர்களுக்குத் தனிப் படுக்கை என்று கேட்க ஆரம்பித்தால் மினிவேன் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அடுத்து எல்லோரும் போகிற இடம் டெல்லுரைடு, பாலிசேட், ஹைலேண்டர், பைலட் மாதிரியான மூன்று வரிசை கிராஸ்ஓவர்கள், அதாவது கார் மாதிரி கட்டிய எஸ்யூவிகள். அவற்றில் பலவற்றுக்கு விளம்பரத்தில் 5,000 பவுண்டு என்று போட்டிருக்கும், நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு ட்ரெய்லரைக் காட்டி "தாராளமா இழுக்கும் சார்" என்று விற்பனையாளர் சொல்லுவார். எங்களிடமும் சொன்னார்.

இங்கேதான் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கிற அதே ஸ்டிக்கர்தான், அதில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். ஓட்டுகிறவரின் எடையும் அதற்குள் அடக்கம். ட்ரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் இருக்கிற இணைப்பு இரும்பான ஹிட்ச் மேல் உட்கார்ந்து அழுத்துகிற எடையும் அதற்குள் அடக்கம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மூக்கெடை, அதாவது டங் வெயிட், ட்ராவல் ட்ரெய்லரில் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும், அதனால் மூக்கில் லேசாக ஏற்றிக்கொண்டு தப்பிக்கலாம் என்ற வழியும் கிடையாது.

நாங்கள் டீலரிடம் பார்த்த ஒரு கிராஸ்ஓவரின் ஸ்டிக்கரில் 1,290 என்று இருந்தது. எங்கள் வீட்டு எடை: நான் 178, மனைவி 138, மகன் 96, மகள் 62, அப்பா 152, அம்மா 140. கூட்டினால் 766 பவுண்டு. (அம்மா தன் எடையைக் கடைசிவரை சொல்லவில்லை, ஏர்போர்ட் பெட்டி நிறுக்கிற மெஷினில் ஏற்றித்தான் கண்டுபிடித்தோம்.) நாலாயிரம் பவுண்டு ட்ரெய்லரின் மூக்கெடை சுமார் 480 என்று வைத்துக்கொண்டால் மீதி 44 பவுண்டு. ஹிட்ச் இரும்பை மாட்டினாலே அது தீர்ந்துவிடும். 5,000 பவுண்டு இழுக்கிற வண்டிக்கு 4,000 பவுண்டு ட்ரெய்லரே அதிகம் என்று ஆகிறது, ஏனென்றால் உள்ளே ஆறு பேர் இருக்கிறார்கள்.

அப்படியானால் விளம்பர எண் பொய்யா என்றால், இல்லை. அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது, டொயோட்டா 2011 மாடல்களிலிருந்து அதைப் பின்பற்ற ஆரம்பித்தது, மற்ற கம்பெனிகள் சில வருடம் கழித்துச் சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 11 மைலுக்கு மேல் நீளும் ஒரு ஏற்றத்தில், கொளுத்துகிற வெயிலில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நல்ல கடுமையான சோதனைதான். ஆனால் உள்ளே இருப்பதாகக் கணக்கு வைத்திருப்பது தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேரை. தாத்தா பாட்டி, ரெண்டு பிள்ளைகள், ஒரு கூடை சாப்பாடு எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, அதனால் பெரிய வண்டிகளுக்கு வந்தோம். டொயோட்டா செகோயா, ஷெவர்லே சபர்பன், எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் மூன்றையும் பார்த்தோம். 2023-இல் வந்த புது செகோயாவின் ஹைப்ரிட் எஞ்சின் பிரமாதம், 437 குதிரைத்திறன், 9,520 பவுண்டு வரை இழுவை. ஆனால் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இடம் குறைவு, இருக்கையை மடக்கினாலும் தரை சமமாகாது. சபர்பனில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதை வாங்கியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்திருப்போம். கடைசியில் 2022 மாடல் எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் எடுத்தோம், கனமான ட்ரெய்லர் இழுப்பதற்கான ஹெவி டியூட்டி டோ பேக்கேஜோடு, கொஞ்சம் ஓடிய வண்டியாக. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதே மாடலில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் பனோரமா கூரை, மசாஜ் சீட், பெரிய சக்கரம், நான்கு சக்கர டிரைவ் என்று எல்லாமே இருந்தது, மற்றது நடுத்தர ட்ரிம், அதாவது நடுத்தர வசதிகள் உள்ள வகை. வசதிகள் நிறைந்த வண்டியின் ஸ்டிக்கரில் இருந்த எண் மற்றதைவிட நூறு பவுண்டுக்கு மேல் குறைவு. தொழிற்சாலையில் மாட்டுகிற ஒவ்வொரு வசதியும் உங்கள் பேலோடிலிருந்துதான் கழிகிறது. அதனால் பிரசுரத்தில் போட்டிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், நீங்கள் வாங்கப்போகிற அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாத டீலரிடம் போகவே வேண்டாம். எங்கள் வண்டியின் எண் 1,614.

ட்ரெய்லரை இந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் தேடினோம். மனைவிக்குப் பிடித்தது 30 அடி ட்ரெய்லர், உள்ளே தீவு மாதிரி சமையல் மேடையெல்லாம் உண்டு. ஏற்றினால் 6,800 பவுண்டு வரும், வண்டியின் இழுவைத் திறனோ 9,000 வரை, ஆகவே இரண்டாயிரம் மிச்சம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் மூக்கெடை 880, ஹிட்ச் 90, இரண்டையும் 1,614-இல் கழித்தால் 644. நாங்கள் 766. அதோடு அந்த ட்ரெய்லரை விட்டுவிட்டோம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அப்பர் பைன்ஸ் முகாமில் 24 அடிக்கு மேல் ட்ரெய்லருக்கு அனுமதி இல்லை என்பதும் ஒரு காரணம். ஐந்து மாதம் முன்னாலேயே, 15-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து சண்டை போட்டு இடம் பிடித்துவிட்டு, வாசலில் அளந்து திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்!

எடுத்தது மூக்கோடு சேர்த்து 24 அடிக்குள் அடங்குகிற ஒரு பங்க் ஹவுஸ், அதாவது பங்க் படுக்கை உள்ள ட்ரெய்லர். கம்பெனி சொல்கிற வெற்று எடை 4,200. அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது, ஏனென்றால் பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் பல சமயம் அதில் சேராது, தண்ணீர் சுத்தமாகச் சேராது. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், 40 காலன் டேங்க் நிறைந்தால் 330-க்கு மேல் போய்விடும். எங்கள் ட்ரெய்லர் சாமானோடு 5,300 நிற்கிறது, மூக்கெடை 670.

இது உத்தேசம் இல்லை, நிறுத்துப் பார்த்தது. ஹைவே ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று பெரிய எடைமேடை இருக்கும். முன் சக்கரம் ஒரு பலகையில், பின் சக்கரம் அடுத்ததில், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி ஏற்றினால் மூன்று எடையும் தனித்தனியாக ஒரு சீட்டில் அச்சாகி வரும். ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை நிறுத்தால் மூக்கெடையைக் கண்டுபிடித்துவிடலாம். மறு எடைக்குக் காசு கொஞ்சம்தான். பின்னால் பதினெட்டுச் சக்கர லாரிக்காரர் காத்திருக்கும்போது இறங்கி நின்று டயரைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, ஐந்து நிமிட வேலை.

இப்போது கணக்கு: 1,614-இல் மூக்கெடையும் ஹிட்ச்சும் போக 854, எங்களுக்கு 766, மீதி 88 பவுண்டு. வண்டிக்குள் தண்ணீர் பாட்டில், புளிசாதம், அம்மாவின் மருந்துப் பை, ரெண்டு போர்வை, அவ்வளவுதான். குக்கர், கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாம் ட்ரெய்லரில், அச்சுக்கு நேர் மேலே இருக்கிற அலமாரியில். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. இவ்வளவு பெரிய வண்டியில் பின்னால் காலியாகக் கிடக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பையைக் கொண்டுவந்து வைப்பார், நான் எடுத்து ட்ரெய்லரில் போடுவேன். அம்மா கேட்பது வேறு: பின்னால் கட்டில் இருக்கிறதே, நான் அதில் படுத்துக்கொண்டு வரக்கூடாதா? கூடாது. ஓடுகிற ட்ராவல் ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பது கலிஃபோர்னியாவில் சட்டப்படி தப்பு.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 3.5 லிட்டர் ட்வின் டர்போ, 380 குதிரைத்திறன், 470 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). காகிதத்தில் வி6 என்று பார்த்துத் தயங்குகிறவர்கள் ஒரு தடவை மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டர்போ இல்லாத சாதா எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தி இழக்கும், டர்போவில் அந்தச் சோர்வு அவ்வளவாகத் தெரிவதில்லை. யோசெமிட்டி போகிற 120-ஆம் நெடுஞ்சாலையில் ப்ரீஸ்ட் கிரேடு என்று ஓர் ஏற்றம் உண்டு. பழைய பாதை செங்குத்து, ட்ரெய்லர்காரர்கள் அந்தப் பக்கமே திரும்பக்கூடாது, புதிய பாதையில் வளைந்து வளைந்து போக வேண்டும். அதில் ட்ரெய்லர் இழுப்பதற்கென்றே இருக்கிற டோ/ஹால் மோடில் போட்டு 35 மைல் வேகத்தில் அலட்டாமல் ஏறுகிறது. ஏறுவதைவிட இறக்கம்தான் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து திரும்பும்போது கிரேப்வைன் என்கிற மலைப்பாதையில் ஐந்து மைல் போல 6 சதவீத இறக்கம் வரும், பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினால் கியர் தானாக இறங்கி எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கீழே வரும்போது புகை வரும்.

காற்று தனி விஷயம். எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே எங்கே போனாலும் ஆல்டமாண்ட் கணவாயைத் தாண்ட வேண்டும், இரண்டு பக்கமும் காற்றாலைகள், ஆரல்வாய்மொழியில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். அங்கே ட்ரெய்லர் பக்கவாட்டில் தள்ளும். மேக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம், 131.6 அங்குலம், அந்த நீளம் இங்கேதான் கைகொடுக்கிறது, சின்ன வண்டியைப் பின்னாலிருப்பது ஆட்டிவைக்கும். அதோடு எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து தந்து ட்ரெய்லர் ஆடுவதையும் குறைக்கிற ஸ்வே கண்ட்ரோல் ஹிட்ச் கட்டாயம் வேண்டும். வண்டியின் ஹிட்ச் மேலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பகிர்வு ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டு எண்கள், அதையும் படியுங்கள். மற்றபடி இந்த மாநிலத்தில் ட்ரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் வேகம், அந்த வேகத்தில் பாதிப் பிரச்சினை வராது.

மைலேஜ்: ட்ரெய்லர் இல்லாமல் ஹைவேயில் காலனுக்கு 20 வரை, ட்ரெய்லரோடு 9, எதிர்க்காற்றில் 8. எதை வாங்கினாலும் கிட்டத்தட்ட இதுதான், காற்றில் ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போகிறோம், அதற்கு எஞ்சின் என்ன செய்யும்.

ட்ரெய்லர் இல்லாத நாட்கள்தான் வருடத்தில் அதிகம், அதையும் யோசித்து வாங்குங்கள். நீளம் பதினெட்டரை அடி, எங்கள் கராஜில் கதவு மூடவில்லை, டிரைவ்வேயில்தான் நிற்கிறது. லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்கு வருடப்பிறப்பன்று இதை எடுத்துக்கொண்டு போவது வேண்டாத வேலை, அன்றைக்கு மனைவியின் சின்ன கார்தான். ஆனால் மூன்றாம் வரிசையில் வளர்ந்த ஆள் முட்டி இடிக்காமல் உட்காரலாம், அம்மா நடு வரிசைத் தனி சீட்டில் காலை நீட்டிக்கொள்கிறார். ஏறுவதுதான் சிரமமாக இருந்தது. கதவைத் திறந்தால் இறங்குகிற மின்சாரப் படி இருந்தும் முட்டிவலிக்கு அது உயரம். கடையில் வாங்கிய மடக்கு ஸ்டூல் ஒன்றை அப்பா கையிலேயே வைத்திருப்பார், இறங்கியதும் முதலில் அதைப் போடுவார், அம்மா தூணில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை ஸ்டூலில், மறு காலைப் படியில் வைத்து ஏறுவார். வண்டி பார்க்கப் போகும்போது பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

வண்டி விலை தவிர இன்னும் செலவு இருக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கம் வாசலில் ட்ரெய்லர் நிறுத்த விடாது, வெளியே வாடகை இடத்தில்தான் நிற்கிறது. ட்ரெய்லர் டயர் தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் வெயிலில் வெடித்துப்போகும், மாற்றியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு தடவை போகிறவர்கள் ட்ரெய்லரை வாடகைக்கு எடுப்பது மேல், வாடகைக்கு விடுகிறவர்களில் சிலர் அதை முகாமிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள், அப்படியானால் உங்கள் ஒடிசியே போதும்.

மின்சார வண்டி வாங்கலாமா என்று இந்த ஊரில் கேட்காத ஆள் இல்லை. ரிவியன் ஆர்1எஸ் 7,700 பவுண்டு இழுக்கும், மலையேற்றத்தில் எங்கள் வண்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் ட்ரெய்லர் மாட்டினால் ஓடும் தூரம் பாதியாகக் குறைகிறது, சார்ஜர்களில் பெரும்பாலானவை ட்ரெய்லரோடு நேராகப் புகுந்து வெளியே வர முடியாத இடங்கள். ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் எடுங்கள், கதவு ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டு.